ஏசுதல்

சைட்டில் என்னை எல்லோரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் மாமாக் கடையில் தே தாரிக் கேட்பவனும் பாஸ்தான், அதைக் கொண்டுவந்து வைப்பவனும் பாஸ்தான். பாரிட் ராஜாவில் நான்கு ஆண்டு சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்கு வந்த முதல் நாள், என் அப்பா வயதுள்ள ஓர் இந்தோனேசியத் தச்சர் ‘பாஸ்’ என்றபோது யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் அது பழகிவிட்டது. ஓர் ஆண்டு கழித்து, யாராவது பாஸ் என்று சொல்லாமல் பேசினால் அதைக் கவனிக்க ஆரம்பித்திருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் சொல்லித்தராத ஒன்றை சைட்டில் முதல் மாதமே கற்றுக்கொண்டேன். ஏசுவது. எனக்கு மேலே இருந்த சீனியர் ஒருவர் தெளிவாகவே சொன்னார்: “தம்பி, நீ நல்ல பையன். ஆனா ஏசலன்னா இங்க வேலை நடக்காது. அவனுங்களுக்கு உன் டிராயிங் புரியாது, உன் சத்தம் புரியும்.” அவர் வாய் திறந்தால் மலாய், ஹொக்கியன், தமிழ் மூன்றிலும் சரளமாக வரும். நல்ல வார்த்தைகள் அல்ல. எனக்கு முதலில் ‘போடோ’ மட்டும்தான் வந்தது. மலாயில் முட்டாள் என்று அர்த்தம். குழந்தைகள்கூட சண்டையில் சொல்லும் சொல். அதைத்தான் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன், பெரும்பாலும் கோபமே இல்லாமல், காற்புள்ளி போடுவதுபோல.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் ‘திட்டுவது’ என்பார்கள். நமக்கு ஏசுவதுதான். இந்தச் சொல்லால் சின்ன வயதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. பைபிளில் ‘இயேசு’ என்று அச்சிட்டிருந்தாலும் எங்கள் பாட்டி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோர் வாயிலும் அவர் ஏசுதான். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது, கெட்ட வார்த்தை பேசாதீங்கடா என்று நான் ஞாயிறு பள்ளிப் பிள்ளையாக உபதேசம் செய்யப்போக, ஒருவன் கேட்டான்: “டேய், ஒங்க சாமி பேரே ஏசுதானே? அப்புறம் எங்கள மட்டும் ஏன் ஏசக்கூடாதுங்குற?” வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அவனை அடிக்கவும் செய்தேன். இன்று யோசித்தால் அவன் கேட்டது நல்ல கேள்வி.

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக லூத்தரன். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி பால் மரம் வெட்டினார். அப்பா லோரி ஓட்டினார். இரண்டு பேருக்கும் கோபம் அதிகம், ஆனால் இரண்டும் வேறு வேறு மாதிரி. பாட்டி கொட்டித் தீர்த்துவிட்டு அரை மணி நேரத்தில் காப்பி கலக்கிக் கொடுப்பார். அப்பா அப்படியில்லை. இளமையில் அவரும் சத்தம் போட்டவர்தான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்வந்து, இனிமேல் வாயால் யாரையும் நோகடிக்க மாட்டேன் என்று சபையில் சாட்சி சொன்னார். சொன்னபடி நடந்தார். அதற்குப் பிறகு அப்பா ஒரு தடவைகூட ஏசவில்லை. பேசாமல் இருந்தார்.

பேசாமல் என்றால் ஒரு நாள் இரண்டு நாள் கணக்கில்லை. ஒரு தடவை, அம்மா அவரைக் கேட்காமல் தன் தங்கைக்குப் பணம் கொடுத்ததற்காக, ஒரு மாதத்துக்கு மேல் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் என்னைப் பார்த்து, “தண்ணி கொண்டாரச் சொல்லு” என்பார். அம்மா மூன்றடி தூரத்தில் நின்றிருப்பார். அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், “பழைய மாதிரி ஏசித்தான் தொலைங்களேன்” என்று கத்தியபோது அப்பா அமைதியாகச் சொன்னார்: “நான் ஒன்னும் ஏசலையே.” அந்த முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. எனக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. நாக்கைக் கட்டுவது என்று சபையில் யாராவது பேசினால் உடனே எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசைதான் கண்முன் வரும்.

நான் அப்பா மாதிரி ஆகக்கூடாது என்று நினைத்தே வளர்ந்தேன். அதனால் பாட்டி பக்கம் போய்விட்டேன்போல.

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. ஷா ஆலாம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வேலை. முதல் மாடித் தளத்தின் இரண்டாவது பாதிக்கு கொங்கிரிட் போடுகிறோம். காலையில் வர வேண்டிய லோரிகள் ஃபெடரல் ஹைவே ஜாமில் மாட்டி மதியத்துக்கு மேல்தான் வர ஆரம்பித்தன. கொங்கிரிட்டுக்கு நேரம் முக்கியம். ஆலையில் கலந்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில் இடைவெளி நீண்டால், முன்னால் போட்டது இறுக ஆரம்பித்து, புதியது அதோடு சேராமல் இடையில் ஒரு பிளவுபோல நின்றுவிடும். பிறகு அந்த இடத்தில் தண்ணீர் ஒழுகும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. புரொஜெக்ட் மேனேஜர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது லோரி வந்தது. வந்ததும் ஸ்லம்ப் டெஸ்ட் செய்தோம். 300 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் இரும்புக் கூம்பு. அதில் மூன்று அடுக்காக கொங்கிரிட்டை நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ஒரு கம்பியால் 25 தடவை குத்த வேண்டும். கூம்பை மெதுவாகத் தூக்கினால் உள்ளே இருந்தது கொஞ்சம் சரிந்து உட்காரும். எவ்வளவு உட்கார்ந்தது என்று அளந்தால் கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று தெரியும். 110 வந்தது. நல்ல அளவு. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த நேரத்தில் மேனேஜரின் அடுத்த அழைப்பு வந்தது. மேலே பழைய தளத்தின் விளிம்பை நனைக்க வேண்டும், புது கொங்கிரிட் அதைத் தொடுவதற்கு முன்னால். அதற்கான குழாய் வால்வு கீழே லோரி நின்ற பக்கம். போனைக் காதில் வைத்துக்கொண்டே, அருகில் நின்ற பங்களாதேஷ் பையனிடம், “பாகி ஆயர் டூலு” என்றேன். முதல்ல தண்ணி குடு. கையில் ஃபைல் இருந்ததால் தாடையால் அந்தப் பக்கம் காட்டினேன். அவன் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. என்னுடைய பாசார் மலாயும் அவனுடைய மூன்று வார மலாயும் சந்தித்த இடம் அது. அவன் நேராக லோரி டிரைவரிடம் போய், பாஸ் தண்ணி சேர்க்கச் சொல்கிறார் என்றிருக்கிறான். இளகிய கலவை சீக்கிரம் இறங்கும் என்பதால் டிரைவர்களுக்குத் தண்ணீர் சேர்க்கச் சொன்னால் சந்தோஷம்தான். யாரும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள்.

கொங்கிரிட்டில் பிறகு சேர்க்கும் தண்ணீர் அதன் பலத்தைத் தின்றுவிடும். இது முதலாண்டுப் பாடம். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது பம்ப் தொட்டிக்குள் கஞ்சி போல ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி மறுபடி கூம்பை வைத்தேன். தூக்கியதும் தரையில் படர்ந்தது. லோரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மிச்சம் ஆறு கனமீட்டருக்கு மேல். பணமும் போச்சு, நேரமும் போச்சு.

என்ன பேசினேன் என்பதை முழுக்க எழுத முடியாது. போடோவில் தொடங்கினேன். மலாயில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அது போதாமல் தமிழுக்கு வந்தேன். அவனுடைய அம்மாவைக் குறித்து ஒரு சொல். அதை என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஏறக்குறைய இருபது பேர் நின்று பார்த்தார்கள். அவன் சிரித்தான். பயத்தில் சிலருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும், இப்போது தெரிகிறது. அன்று அது என்னைக் கேலி செய்வதுபோல இருந்தது. கையிலிருந்த குத்துக் கம்பியைத் தரையில் வீசினேன். அது துள்ளி அவன் கால் பக்கமாகப் போய் விழுந்தது. படவில்லை. ஓர் அரை அடி. “மாஃப், பாஸ்” என்றான். கம்பியை எடுத்து, துடைத்து, என்னிடம் நீட்டினான்.

அன்று மாலை மேனேஜர் என்னை ஏசினார். அவரும் நல்ல குரல் வளம் உள்ளவர். போகிற போக்கில் என் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து இழுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நோட்டட், பாஸ்” என்றேன். “சாரி, பாஸ்” என்றேன். ஒரு தடவைகூட குரல் உயரவில்லை.

நான் ரொம்ப நாள் சொல்லிவந்த ஒரு பொய் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. கோபம் வந்தால் எனக்குக் கண்ட்ரோல் இருக்காது, பாட்டி ரத்தம் என்று பெருமையாகவே சொல்வேன். இரண்டு மணி நேர இடைவெளியில் ஒரே காரியத்துக்காக இரண்டு பேரிடம் நின்றிருக்கிறேன். ஒருவனிடம் கண்ட்ரோல் இல்லை. இன்னொருவரிடம் முழு கண்ட்ரோல் இருந்தது. பெர்மிட் கையில் இல்லாத, நாளைக்கு எங்கே போவது என்று தெரியாத ஒருவனிடம் மட்டும் வருகிற கோபத்துக்கு ரத்தம் காரணமாக இருக்க முடியாது. இடைநிலைப் பள்ளியில் என்னைக் ‘கெலிங்’ என்று கூப்பிட்டவனின் சட்டையைப் பிடித்தவன் நான். அதே நான் சைட்டில் அவர்களை ‘பங்களா’ என்று, பெயர் கேட்காமல், நாட்டின் பாதிப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரவு படுக்கும்போதுதான் ‘பாகி ஆயர் டூலு’ ஞாபகம் வந்தது. தாடையால் காட்டியதும். கொஞ்ச நேரம் அதைப் புரட்டிப் பார்த்தேன். பிறகு, அவன் கேட்டிருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதற்கான அறிக்கையை எழுதினேன். வேலையில் எது பிசகினாலும் அப்படி ஒரு தாள் எழுத வேண்டும். என்ன நடந்தது, மூல காரணம் என்ன, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று கட்டங்கள் இருக்கும். மூல காரணம் என்ற கட்டத்தில், தொழிலாளரின் கவனக்குறைவு என்று எழுதினேன். குளிர்சாதன அறையில், காப்பி குடித்துக்கொண்டு, துளிக்கூட கோபமில்லாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 15ஆம் தேதி, சபையில் வேத வாசகம் படிக்க வேண்டியது என் முறை. எங்கள் சபைகளில் எந்த ஞாயிறு என்ன பகுதி என்று மூன்று ஆண்டுச் சுழற்சியாக அட்டவணை உண்டு, நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அன்று எனக்கு விழுந்தது யாக்கோபு நிருபம் மூன்றாம் அதிகாரம். கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: முழுக்க நாக்கைப் பற்றியது. குதிரை வாயில் போடும் கடிவாளம், பெரிய கப்பலைத் திருப்பும் சின்னச் சுக்கான், காட்டையே எரிக்கும் சிறு நெருப்பு என்று உவமைகளாகப் போகும். எல்லா மிருகத்தையும் மனிதன் அடக்கிவிட்டான், நாக்கை அடக்க ஒருவனாலும் முடியவில்லை என்பார். கடவுளை வாழ்த்தும் அதே வாயால், கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவனைச் சபிக்கிறோமே என்று கேட்பார்.

மைக் முன்னால் நின்று அதைப் படித்தபோது நான் தடுமாறி அழுதிருப்பேன் என்று எதிர்பார்க்கலாம். இல்லை. நன்றாகப் படித்தேன். குரல் நன்றாக இருந்தது என்று இரண்டு ஆன்ட்டிகள் கை குலுக்கினார்கள்.

உறுத்தியது மற்ற இரண்டு வாசகங்கள். அன்றைய பழைய ஏற்பாட்டுப் பகுதி ஏசாயா 50. அதிலும் நாக்கு வருகிறது. ஆனால் அங்கே அது அடக்க வேண்டிய பொருளாக இல்லை. சோர்ந்துபோனவனைத் தூக்கி நிறுத்தும் ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று போகிறது. சுவிசேஷம் மாற்கு 8. பேதுரு இயேசுவைத் தனியாக அழைத்துப்போய்க் கடிந்துகொள்கிறான், அவர் திரும்பி எல்லோர் முன்பும் அவனைச் சாத்தான் என்கிறார். ஏசு ஏசுகிறார். நான்காம் ஆண்டு நண்பன் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது.

ஆராதனை முடிந்து வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கோபம் பாவமா என்று யாராவது கேட்டால் உடனே ஒருவர் ஆலயத்தில் மேசைகளைக் கவிழ்த்த இயேசுவை எடுத்துப் போடுவார். அன்றும் போட்டார்கள். வழக்கமாக அதைப் போடுகிற ஆள் நான்தான். அன்று வாயை மூடிக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவிசேஷங்களில் அவர் கடுமையாகப் பேசியதெல்லாம் யாரிடம்? பரிசேயர், வேதபாரகர், ஆலயத்து வியாபாரிகள், நரி என்று சொன்னாரே அந்த ஏரோது. பேதுருவைத் தவிர்த்தால் பெரும்பாலும் தன்னைப் பிடித்து உள்ளே போடக்கூடியவர்களிடம். விபசாரத்தில் பிடிபட்டவளிடம் அவர் குரல் உயரவில்லை. மலைப்பிரசங்கத்தில் சகோதரனை மூடன் என்று கூப்பிடுவதைக்கூடக் கொலையோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறார். மூடன். மலாயில் போடோ. சின்ன வயதில் அந்தப் பகுதியைக் கேட்கும்போது, இதுக்கெல்லாமா நரகம் என்று தோன்றும்.

எங்கள் போதகரிடம் அன்று மதியம் கொஞ்சம் பேசினேன். முழுசாகச் சொல்லவில்லை. சைட்டில் கோபம் அதிகமாக வருகிறது என்ற அளவில். அவர் லூத்தரைப் பற்றிச் சொன்னார். 1522இல் மொழிபெயர்த்து வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இந்த யாக்கோபு நிருபத்தைத்தான் வைக்கோல் நிருபம் என்று லூத்தர் ஒதுக்கினார். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்றவருக்கு, செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிற நிருபம் எப்படிப் பிடிக்கும்? “ஆனா அவர் கொஞ்சம் உட்கார்ந்து படிச்சிருக்கலாம்” என்றார் போதகர். எதிரிகளைக் கழுதை, பன்றி என்று அச்சில் ஏசியவர் லூத்தர். அதையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதியதைக் கடக்க முடியாது. அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 400 ஆண்டுகள் கழித்து நாஜிகள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். “வாயில வந்தது காத்துல போயிரும்னு சொல்லலாம் தம்பி. எழுதினது அப்படியே இருக்கும்” என்றார். நான் வெள்ளிக்கிழமை எழுதிய தாளைப் பற்றி அவருக்குத் தெரியாது.

கடைசியாக அவர் சொன்ன வழி: கோபம் வரும்போது வாய் நிறைய தண்ணீர் வைத்துக்கொள், விழுங்காதே, துப்பாதே. இதைப் பாட்டியும் சொல்வார். அவர் செய்து பார்த்ததாக ஞாபகமில்லை. நான் செய்து பார்த்தேன். சைட்டில் எப்போதும் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், அதனால் வசதி. ஆனால் கன்னம் உப்பிக்கொண்டு கண்ணை உருட்டும் இன்ஜினியரைப் பார்த்தால் தச்சர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரு தடவை எனக்கும் வந்து டிராயிங் எல்லாம் நனைந்துபோனது. ஒரு விதத்தில் பலன்தான்.

திங்கட்கிழமை மலேசியா தினம், விடுமுறை. விடுமுறை முடிந்து போனபோது அந்தப் பையன் இல்லை. ஆட்களைக் கொடுக்கும் சப்-கொன்ட்ராக்டரின் தலையாள் சொன்னார்: “வேற சைட்டுக்கு மாத்திட்டோம் பாஸ். அந்த லோரி காசு எங்க தலையில போட்டாங்கள்ல, அத அவன் சம்பளத்துல பிடிக்கிறோம்.” அவர் என் பக்கம் நின்று பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். கோபம் ஆறிய என் அறிக்கை செய்த வேலை அது. மேலே இருந்தவர்கள் அதைப் படித்து, தொழிலாளர் தப்பு என்றால் சப்-கொன்ட்ராக்டர் கட்டட்டும் என்று செலவைத் திருப்பிவிட்டார்கள். அவர் இன்னும் கீழே தள்ளினார். வியாழக்கிழமை ஏசியதைவிட இது அவனை அதிகமாக அடித்திருக்கிறது.

யாக்கோபு நிருபத்தில் ஐந்தாம் அதிகாரம் ஒன்று இருக்கிறது. வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அதில் வரும். எங்கள் வாலிபர் கூட்டத்தில் மூன்றாம் அதிகாரத்தைக் குறைந்தது ஐந்து தடவை படித்திருக்கிறோம். ஐந்தாம் அதிகாரத்தை ஒரு தடவைகூடப் படித்ததாக எனக்கு ஞாபகமில்லை. நாக்கைப் பற்றிப் பேசுவது சுலபம், எல்லோருக்கும் நாக்கு இருக்கிறது.

அறிக்கையைத் திருத்த எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் ஜெபித்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் பாதி நாள் யாரும் கவனிக்காமல் விஷயம் அடங்கிவிடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூல காரணக் கட்டத்தில், பொறியாளர் தெளிவற்ற வாய்மொழி உத்தரவு கொடுத்தார் என்று மாற்றி எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “நீ இன்ஜினியரா, பாதிரியாரா?” என்றார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த ஆண்டு போனஸ் எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சப்-கொன்ட்ராக்டர் மேல் போட்ட செலவை ரத்து செய்தார்கள். அது பையன் கைக்குத் திரும்பப் போனதா என்பது வேறு கேள்வி.

அதைக் கேட்கத்தான் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நீலாய் பக்கம் அவன் இருந்த கொங்சிக்குப் போனேன். பிளைவுட்டும் தகரமும் வைத்து அடித்த வரிசை வீடுகள். வெளியே மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கடுகு எண்ணெய் வாசம். ஹண்ட்ரட் பிளஸ் ஒரு பெட்டி வாங்கிப் போயிருந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று தோன்றியது, வேறு என்ன வாங்குவது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவனுக்கு முகம் வெளிறிப்போனது. இன்னொரு தப்பு கண்டுபிடித்து வந்திருக்கிறேன் என்று நினைத்தான்போல.

காரில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன். அங்கே நின்றபோது என்னிடம் இருந்தது பாசார் மலாய் மட்டும்தான். அதில் மன்னிப்புக் கேட்பதற்கு அதிகம் சொற்கள் கிடையாது. தண்ணி குடு என்று சொன்னது நான்தான், நீ சரியாகத்தான் செய்தாய், தப்பு என்னுடையது என்றேன். அவன் “தாக் அபே, பாஸ்” என்றான். பரவாயில்லை. எத்தனை தடவை சொன்னாலும் அதையேதான் சொன்னான். பணம் திரும்பி வந்ததா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றான். பாஸிடம் வேறென்ன சொல்வான். ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று பின்னால் போனான். வற்புறுத்தித் திணித்தேன். அதுவும் ஒருவகை அதட்டல் மாதிரிதான் இருந்தது.

கிளம்பும்போது கார் வரைக்கும் வந்தான். பின்னால் கொங்சியிலிருந்து யாரோ சிரித்துக்கொண்டே ஒரு சொல்லைச் சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள். உச்சரிப்பு சிதைந்திருந்ததால் எனக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. அன்று நான் தமிழில் சொன்ன சொல். கூட இருந்தவர்கள் கேட்டுக்கொண்டுபோய் அவனுக்குப் பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள். இந்த சைட்டுக்கும் அது அவனோடு வந்துவிட்டது. யாருக்கும் அர்த்தம் தெரியாது. அவனும் அதற்குத் திரும்பிப் பார்த்து, “வர்றேன்” என்பதுபோலக் கை காட்டினான்.

கார்க் கதவைத் திறந்துவிட்டு அவன் கேட்டான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், பாஸ்?

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய அம்மா சில்ஹெட்டில் இருக்கிறார், மாதா மாதம் அவருக்குத்தான் பணம் அனுப்புகிறான் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தான். அது நல்ல சொல் இல்லை, அவர்களை அப்படிக் கூப்பிட விடாதே என்றேன். ஆனால் என்ன அர்த்தம், பாஸ்?

“போடோ” என்றேன். போடோ என்று அர்த்தம்.

அவன் முகம் தெளிந்தது. “ஓ, போடோ சாஜா” என்றான். முட்டாள், அவ்வளவுதானா. சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினான். கண்ணாடியில் பார்த்தபோது இன்னும் கை காட்டிக்கொண்டு நின்றான்.